தம்பிக்கு ஐந்து பேர்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சஹனுக்கு ஆள் கூட்டுவது என் வேலை. யாரும் கடிதம் தந்து நியமிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அது என் தலையில் விழுந்து கிடக்கிறது. நெய்ச்சோறு நிரப்பி, மேலே கோழி வைத்து, மூடி போட்டு வரும் பெரிய வட்டத் தட்டுதான் சஹன். அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். வந்தவர்களை ஆறு ஆறாகச் சேர்ப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் அவசரமாக அள்ளிப் போட்டு மற்றவனைப் பட்டினி போடுவார், சீனி வருத்தத்தில் இனிப்புத் தொடாதவர் யார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். காணித் தகராறில் எட்டு வருஷம் முகம் பார்க்காத இரண்டு பேரை ஒரே சஹனில் உட்கார வைத்து, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்குள் பேச வைத்தவன் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இனிச் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மாத்தளை டவுனில் எனக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை இருக்கிறது. என் தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். கல்யாணம் முடிக்கவில்லை. ஆறு வருஷம் அரபு நாட்டில் டிரைவராக இருந்தான். ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது, ஒரேயொரு பேக்கோடு அவன் இறங்கினான். வருவதாக ஒரு போன் கோல் கூட இல்லை. கேட்டதற்கு, "விசா முடிஞ்சி நானா" என்றான். அண்ணனை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு பத்து நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. தொழப் பள்ளிக்குக் கூடப் போகவில்லை.

ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பதினோராம் நாள் அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரத்தோட்டையிலிருந்து வந்த மிளகைப் பின்பக்கம் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் சும்மா நின்றான். "ஆறு வருஷம் சம்பாதிச்சவன் இப்பிடியா நிப்பான்? ஒனக்கு என்னதான் வந்திருக்கு?" என்று கத்தினேன்.

"மெடிக்கல்ல பெயில் நானா. அதுதான் அனுப்பிட்டாங்க. எனக்கு எச்ஐவி ஈக்கு."

நான் சுளகை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று தடவை புடைத்த பிறகு, "அது எந்த இடத்துல?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏதோ ஈரல், சிறுநீரகம் மாதிரி நினைத்துவிட்டேன் போல.

"இரத்தத்துல."

"அப்ப எய்ட்ஸா?"

"அது வேற, இது வேற. இது கிருமி. மருந்து எடுக்காம உட்டாத்தான் கடைசில அதுக்குப் போகுமாம். போன்ல வாசிச்சேன்."

நான் படிக்கிற காலத்தில் பஸ் நிலையச் சுவரில் ஒரு மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மண்டையோடுதான். எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் தெருவைப் பார்த்தான். "அத இப்ப கேக்க வேணாம் நானா" என்றான். இன்றுவரை அந்தக் கேள்வி என் வாயில்தான் இருக்கிறது.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். தாதி யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், டொக்டர் சிங்களப் பெண். டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: ஒரு நாளைக்கு ஒரு குளிசை, ஒரேயொரு மாத்திரை. ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டும். எடுத்தால் மற்றவர்களைப் போலவே வயதாகும் வரை வாழலாம். மருந்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். ஒன்றாகச் சாப்பிட்டால் பரவுமா? "இல்லை" என்றார். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே குவளையில் குடித்தாலும், கட்டிப் பிடித்தாலும், ஒரே கழிப்பறைக்குப் போனாலும் பரவாது. இரத்தத்தால் பரவும், உடலுறவால் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும். அவ்வளவுதான் என்றார்.

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். தம்பி டொக்டரைப் பார்க்காமல் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தன்னுடைய ஆள் என்று அவன் எழுதிக் கொடுத்ததும் என் போன் நம்பரைத்தான்.

திரும்பி வரும் வழியில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கடைக்குள் போய் நீலப் பூப்போட்ட ஒரு பீங்கான் தட்டும் ஒரு கப்பும் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. டொக்டர் சொன்னதை நான் நம்பவில்லையா? நம்பினேன். அவர் படித்தவர், பொய் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஆனாலும் காசு கொடுத்து அந்தப் பீங்கானை வாங்கிய கையும் என் கைதான். வீட்டில் மனைவியிடம், "தம்பிக்கு வயித்துப் புண். அவன்ட சாப்பாட்டத் தனியா வைங்க" என்றேன். அவள் நல்ல மனசுக்காரி. அன்றே உறைப்பில்லாமல் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். தம்பி ஒரு மாதம் அந்தக் கஞ்சியைக் குடித்தான். நான் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

பிறகு எங்கள் சாச்சா, அதாவது சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தம்பி வர மாட்டான் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். முதல் பந்திக்கு ஆள் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலில் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, தொப்பி, சவரம் செய்த முகம். அறைக்குள்ளேயே கிடந்தவன் ஊருக்கு முன்னால் வந்த முதல் நாள் அது. அவன் நேராக என்னிடம் வந்து, "எங்க இருக்கட்டும் நானா?" என்றான்.

பக்கத்தில் ஒரு சஹனில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். "ஒரு ஆள், ஒரு ஆள்" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் தம்பியைப் பார்த்தேன், சஹனைப் பார்த்தேன். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவருடைய விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, அதுவும் என் கண்ணில் பட்டது. இது தெரிந்தே நான் உட்கார வைத்தால் அந்த மனிதருக்கு நான் யார்? உட்கார வைக்காவிட்டால் என் தம்பிக்கு நான் யார்? ஒன்றும் விளங்காமல் குசினிப் பக்கம் திரும்பி, "தம்பிக்கு வயித்துப் புண்! ஒரு பீங்கான்ல தனியாக் கொஞ்சம் சோறு போட்டுக் குடுங்க!" என்று சத்தம் போட்டேன்.

மண்டபம் முழுக்க ஆட்கள் பாயில் இருக்க, அவனுக்கு மட்டும் மூலையில் ஒரு கதிரை போட்டார்கள். மடியில் பீங்கானை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் தூரத்து மாமா ஒருவர் வாயை அடக்கத் தெரியாதவர். "என்ன மகன், எங்களோட ஒண்டா இருக்க ஏலாதா? வெளிநாட்டுப் பெருமையா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். தம்பியும் சிரித்தான். மூன்று வாய் சாப்பிட்டிருப்பான். கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவன் அறை காலியாக இருந்தது. போனில் ஒரு மெசேஜ்: சீகிரியாவில் ஹயருக்கு ஓட்ட ஒரு த்ரீவீல் கிடைத்திருக்கிறது, தேட வேண்டாம். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள் போனது. அவன் அறையைக் கூட்டிய என் மனைவி ஒரு குளிசைப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலுக்கடியில் கிடந்ததாம். "வயித்துப் புண் மருந்த உட்டுட்டுப் போயிட்டான் பாவம்" என்றாள். பாதிக்கு மேல் இருந்தது. அடுத்த நாள் கிளினிக்கிலிருந்து தாதி பேசினார்.

"அண்ணா, தம்பி மருந்தெடுக்க வரேல்ல. எங்கட போனையும் எடுக்கிறார் இல்ல. மருந்தை விட்டால் கிருமி திரும்பப் பெருகும். பிறகு இதே மருந்து வேலை செய்யாமலும் போகலாம். எப்பிடியாவது ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

போனை வைத்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். நான் தனியாக வைத்தது ஒரு பீங்கான்தானே, அதற்கும் அவன் குளிசைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சீகிரியாவுக்கு ஒரு பஸ். ஹோட்டல்களுக்குப் போகும் பாதையோரம் த்ரீவீல்கள் வரிசையாக நின்ற இடத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். மெலிந்திருந்தான். பின்சீட்டில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணி வைத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு அவனுடைய சோற்றில் கை வைக்கப் போனேன். அவன் பார்சலை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என்ன நானா, எனக்குக் காட்டவா சாப்பிட வந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "பின்ன என்ன செய்யச் சொல்ற? ஒரு பீங்கானுக்காக மருந்த உடுவாங்களா? ஒனக்குப் புத்தி ஈக்கா?"

"பீங்கானுக்கு நான் கோவிக்கல்ல. நான் சொல்றத ஒழுங்காக் கேளுங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. "டொக்டர் சொல்லக்க நீங்க தலையாட்டினீங்க. எனக்கு டொக்டரத் தெரியாது, ஒங்களத் தெரியும். நீங்க ஆட்டினதப் பார்த்துத்தான் நானும் நம்பின. பொறகு நீங்களே பீங்கான் வாங்கினீங்க. அப்ப சாப்பாட்டப் பத்தி அவங்க சொன்னது பொய்ன்டா, குளிசையப் பத்திச் சொன்னது மட்டும் எப்பிடி உண்மையாகும்? சாகத்தான் போறேன் என்டா எதுக்கு நானா தினமும் அத முழுங்கணும்?"

சொல்லிவிட்டுச் சோற்றை மூடினான். பிறகு, "காணிக்காரங்க ரெண்டு பேரையும் ஒரு சஹன்ல இருத்தின ஆளு நீங்க. எனக்கு அஞ்சு பேரத் தேட ஒங்களுக்கு ஏலாமப் போச்சே" என்றான்.

நான் அழுதேன். வெள்ளைக்காரர்கள் தண்ணீர்ப் போத்தலோடு போய் வருகிற பாதையில், பட்டப்பகலில், ஐம்பது வயதை நெருங்குகிற மனிதன் த்ரீவீலுக்குள் இருந்து அழுதேன். அழுதுகொண்டே, "எனக்கு விளங்கல்லடா. நம்பினேன், ஆனா பயம் போகல்ல. ரெண்டும் ஒண்டா இருந்திச்சு" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்ப விளங்காததயெல்லாம் அவங்கள்ட்டயே கேளுங்க. எனக்கு முன்னால கேளுங்க. தலைய மட்டும் ஆட்ட வேணாம்."

இரண்டு நாளில் கிளினிக்குக்கு வந்தான். நான் கேட்டேன். தலையில் இருந்த அசிங்கமான சந்தேகம் ஒன்றையும் விடாமல் கேட்டேன். ஆறு பேர் ஒரே சஹனில் சாப்பிடுகிறோம், ஒருத்தருக்கு விரலில் காயம், ஒருத்தருக்கு வாயில் புண், எல்லாக் கையும் ஒரே குழம்பில், அப்போதும் பரவாதா? "சஹன் எண்டால் என்ன?" என்று தாதி குறுக்கே கேட்டார். சோறு எவ்வளவு உயரம், கோழித் துண்டை யார் பிய்த்து யார் பக்கம் தள்ளுவார் என்றெல்லாம் கையால் காட்டிச் சொன்னேன். தாதி டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல, இரண்டு பேரும் ரசித்துக் கேட்டார்கள். "அப்போதும் பரவாது" என்றார் டொக்டர்.

எனக்கு அது போதவில்லை. அவனுக்கு இருக்கிறது என்று மற்ற ஐந்து பேருக்கும் சொல்லாமல் உட்கார வைப்பது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். டொக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "பதினைந்து வருஷமாக நீங்கள் உட்கார வைத்தவர்களின் இரத்தத்தையெல்லாம் பார்த்துவிட்டா உட்கார வைத்தீர்கள்?" தம்பி அன்று முதல் தடவையாகச் சிரித்தான். யாருக்குச் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பது தம்பியின் முடிவு, என்னுடையதல்ல என்றும் அவர் சொன்னார். இது எப்படி வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதை அவர் முகத்திலிருந்தே புரிந்துகொண்டு, அந்தக் கேள்வியால் எந்த மருந்தும் மாறப்போவதில்லை என்றார்.

மறுபடி இரத்தம் எடுத்தார்கள், மறுபடி குளிசை தொடங்கினார்கள். இதே நோயோடு வாழ்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு குழு இருக்கிறது என்று தாதி சொல்லி, தம்பியின் சம்மதத்தோடு ஒருவரைப் போனில் சேர்த்துவிட்டார். அவர் பதினெட்டு வருஷமாக மருந்து எடுப்பவராம். அவரோடு பேசும்போது தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். என்னோடு பேசும்போது அப்படிச் சிரிப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்த கிழமையே தம்பி என் மனைவியிடம் தானாகவே சொன்னான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்கா என்ட கையால ஒரு மாசம் உறைப்பில்லாத கஞ்சி காய்ச்ச வெச்சீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அன்று இரவே அவனுக்கு எங்கள் பாத்திரத்திலேயே சோறு வந்தது. நீலப் பூப் பீங்கானை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு வராத பயம் எனக்கு மட்டும் ஏன் வந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு, இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார்கள். அப்படியென்றால் சுகமாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, மருந்தை விட்டால் திரும்பி வரும், விடாமல் எடுத்தால் உடலுறவில் கூட மற்றவருக்குப் போகாது என்றார்கள். இருக்கிறது, ஆனால் அளக்க முடியாது. இதையும் வீட்டில் நாலைந்து தடவை தம்பியிடம் கேட்டுத்தான் ஓரளவு பிடித்துக்கொண்டேன்.

அந்த மாதமே எங்கள் தெருவில் இன்னொரு கல்யாணம். புறப்படும்போது தம்பியிடம், "இன்டைக்கு நான் ஒன்னோட ஒரே சஹன்ல இருக்கேன்" என்றேன். பெரிய மனசோடு சொல்வதாக எனக்கு நினைப்பு.

"வேணாம் நானா. நீங்க இருந்தா எனக்காகப் பாவம் பார்த்து இருக்கிற மாதிரி. மத்தவங்கள இருத்துற மாதிரி என்னயும் இருத்துங்க. போதும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவனோடு சாப்பிடுவது லேசான காரியம். என் கை, என் வாய், வந்தால் எனக்கு வரட்டும் என்று இருந்துவிடலாம். ஒன்றும் அறியாத ஐந்து பேரை என் வாயால் கூப்பிட்டு அவன் பக்கத்தில் உட்கார வைப்பதில்தான் நான் டொக்டரை நம்புகிறேனா இல்லையா என்பது தெரியும்.

மண்டபத்தில் முதலில் அந்த வாயடக்காத மாமாவைக் கூப்பிட்டேன். பிறகு ஒரு ஸ்கூல் மாஸ்டர். பிறகு சாச்சாவின் மகன்கள் இரண்டு பேர். தம்பியோடு ஐந்தாகிவிட்டது. "ஒரு ஆள், ஒரு ஆள்" என்று மாமா சத்தம் போடுகிறார். நான் சுற்றிப் பார்க்கிறேன், வாசலில் என் மருமகன் செருப்பைக் கழற்றுகிறார். என் ஒரே மகளின் மாப்பிள்ளை. மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் வீடுகளில் புது மருமகனுக்குச் சஹனில் முதல் துண்டு போகும், அவரை யாரோடு உட்கார வைக்கிறோம் என்பதை ஊரே பார்க்கும். வேறு யாரையாவது கூப்பிடலாம், ஆட்கள் நிறைய இருந்தார்கள். தம்பி என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருமகன், இங்க வாங்க. சாச்சாட பக்கத்துல இருங்க" என்று தம்பியைக் காட்டிச் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் வந்து சிரித்துக்கொண்டே தம்பியின் வலப்பக்கம் உட்கார்ந்தார். தம்பி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டான். மூடியைத் திறந்து, கோழியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து மருமகனின் பக்கம் தள்ளினான். நான் அடுத்த சஹனுக்கு ஆள் கூட்டப் போனேன். போகிற வழியில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.